வெயிலுக்கு வந்த பனிக்களம்

டாஹோ ஏரிக்கரையில் அன்று ஒரு மேகம்கூட இல்லை. படம் பிடிப்பவர்களுக்கு அதைவிடத் தோதான நாள் அமையாது. பனியில் ஹாக்கி ஆட அதைவிட மோசமான நாளும் அமையாது.

2021 பிப்ரவரி 20. நெவாடா மாநிலத்தின் எல்லையில், ஏரியை ஒட்டிய கோல்ஃப் மைதானத்தில், பதினெட்டாவது குழிக்குப் போகும் புல்வெளியின் மேல் ஒரு பனிக்களத்தை அமைத்திருந்தது வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல். பின்னால் நீல ஏரி, அதற்கும் பின்னால் சியரா நெவாடா மலைத்தொடர். கொரோனா காலம் என்பதால் பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை. தொலைக்காட்சிக்காகவே செய்த ஏற்பாடு. கொலராடோ அவலாஞ்ச், வேகஸ் கோல்டன் நைட்ஸ் அணிகள் நண்பகலில் ஆட்டத்தைத் தொடங்கின. வெயில் நேராகக் களத்தின் மேல் இறங்கியது. பனி இளகி அங்கங்கே குழி விழுந்தது. உலகத்தின் தேர்ந்த ஸ்கேட்டர்கள் பக்கத்தில் ஆளே இல்லாதபோதும் இடறி விழுந்தார்கள். நடுவர்களும் விழுந்தார்கள். மூன்று பீரியட் ஆட்டத்தில் முதல் பீரியட் முடிந்ததும் லீக் கமிஷனர் கேரி பெட்மேன் ஆட்டத்தை நிறுத்தினார். மிச்சத்தை இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆடினார்கள். அவலாஞ்ச் 3-2 என்று ஜெயித்தபோது நியூயார்க்கில் மணி அதிகாலை இரண்டை நெருங்கிவிட்டது. மறுநாள் பகலில் வைத்திருந்த பாஸ்டன் – ஃபிலடெல்ஃபியா ஆட்டத்தையும் இரவுக்குத் தள்ளினார்கள்.

ஹாக்கி பிறந்தது வெட்டவெளியில், உறைந்த குளங்களின் மேல். அந்த வெட்டவெளிக்கு அதைத் திருப்பி அழைத்துப்போவதாகச் சொல்லித்தான் என்.எச்.எல். இந்த ஆட்டங்களை நடத்துகிறது. இதுவரை நாற்பதுக்கும் மேல் நடத்திவிட்டது. பேஸ்பால் மைதானம், அமெரிக்கக் கால்பந்து மைதானம், விமானப்படை அகாதமி மைதானம், கடைசியில் ஏரிக்கரை என்று போகாத இடமில்லை. இந்த ஆட்டங்களின் கதையைப் பின்தொடர்ந்தாலே லீக்கின் கதையும் வந்துவிடும். எங்கே பணம் வருகிறது, எங்கே வரவில்லை, யாரை நம்பிப் பிழைக்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது என்று எல்லாமே அதில் இருக்கிறது.

லாஸ் வேகஸில் வெட்டுக்கிளிகள்

முதல் முயற்சி ஒரு கூத்து. 1991 செப்டம்பரில் லாஸ் வேகஸின் சீசர்ஸ் பேலஸ் சூதாட்ட விடுதி, தன் வண்டி நிறுத்துமிடத்தில் பனிக்களம் போட்டு லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ், நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிகளை ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு அழைத்தது. பாலைவனத்தின் செப்டம்பர் வெயில் பகலில் பனியைப் பாதி தின்றது. ராத்திரி விளக்குகளைப் போட்டதும் வெளிச்சத்துக்கு வெட்டுக்கிளிகள் படையெடுத்தன. வந்தவை களத்தில் இறங்கி அப்படியே ஒட்டிக்கொண்டன. கிங்ஸின் நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கி அந்தப் பூச்சிகளுக்கு நடுவே ஒரு கோல் போட்டார். கிங்ஸ் 5-2 என்று ஜெயித்தது. பாலைவனத்தில் ஹாக்கி என்பதை அன்றைக்கு யாரும் வேடிக்கைக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. அதே ஊருக்கு ஒரு நாள் லீக் அணி வரும், அந்த அணி 2023இல் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையே வெல்லும் என்று அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அடுத்த பொறி கல்லூரியிலிருந்து வந்தது. 2001 அக்டோபரில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஒரு கால்பந்து மைதானத்தில் பனி ஹாக்கி ஆடின. 74,554 பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஆட்டம் 3-3 என்று சமன். ஆனால் அந்தக் கூட்டத்தின் எண்ணிக்கை கனடாவின் எட்மன்டன் ஆயிலர்ஸ் நிர்வாகத்தை உசுப்பிவிட்டது. 2003 நவம்பர் 22 அன்று காமன்வெல்த் ஸ்டேடியத்தில் 57,167 பேர் முன்னிலையில் ஆயிலர்ஸும் மான்ட்ரியல் கனேடியன்ஸும் மோதின. லீக்கின் வழக்கமான சீசனில் நடந்த முதல் வெளியரங்க ஆட்டம் அதுதான். குளிர் மைனஸ் 18 டிகிரி. மான்ட்ரியல் கோல்கீப்பர் ஜோஸே தியடோர் தன் முகக்கவசத்துக்கு மேலே ஒரு கம்பளிக் குல்லாயை மாட்டிக்கொண்டு நின்றார். அந்த ஒரு படம் போதுமாக இருந்தது. இன்றைக்கும் வெளியரங்க ஹாக்கி என்றால் கனடாக்காரர்களின் மனக்கண்ணில் முதலில் வருவது அந்தக் குல்லாய்தான்.

பிறகு வந்தது கதவடைப்பு.

மீன்பிடிச் சேனலுக்குப் போன லீக்

சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று உரிமையாளர்கள் பிடிவாதமாக நிற்க, முடியாது என்று ஆட்டக்காரர் சங்கம் சொல்ல, 2004-05 சீசன் முழுவதும் ரத்தானது. தொழில் தகராறால் ஒரு முழு சீசனையே இழந்த முதல் பெரிய வட அமெரிக்க லீக் என்ற பெயர் என்.எச்.எல்.லுக்குக் கிடைத்தது. 1919இல் விஷக்காய்ச்சலால் இறுதிப் போட்டி பாதியில் நின்றதற்குப் பிறகு, ஸ்டான்லி கோப்பை யாருக்கும் வழங்கப்படாமல் போனது 2005இல்தான். கடைசியில் உச்சவரம்பு வந்தது. 2005-06இல் ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாக 3.9 கோடி டாலருக்கு மேல் தரக்கூடாது என்றானது.

சீசன் திரும்பி வந்தபோது விளையாட்டுச் சேனலான ஈ.எஸ்.பி.என். கைகழுவிவிட்டது. ஆட்டங்கள் ஓ.எல்.என். என்ற சேனலுக்குப் போயின. மீன்பிடித்தல், வேட்டையாடுதல், இடையில் ஒரு சைக்கிள் பந்தயம் என்று ஓடிக்கொண்டிருந்த சேனல் அது. தேசியத் தொலைக்காட்சி நிறுவனமான என்.பி.சி.யும் சில ஆட்டங்களை எடுத்துக்கொண்டது. ஆனால் கையில் காசு தரவில்லை, லாபம் வந்தால் பங்கு தருகிறோம் என்று சொல்லித்தான் எடுத்தது. ஒரு பெரிய லீக்குக்கு அதைவிடத் தலைகுனிவு கிடையாது.

அந்த நிலையில்தான் என்.பி.சி.யில் பிறந்த ஒரு யோசனையை லீக்கின் வணிகத் தலைவர் ஜான் காலின்ஸ் கையில் எடுத்தார். புத்தாண்டு தினத்தன்று, திறந்தவெளியில், ஒரே ஓர் ஆட்டம். பெயர் வின்டர் கிளாசிக். 2008 ஜனவரி 1, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு வெளியே பஃபலோ பில்ஸ் அணியின் கால்பந்து மைதானம். 71,217 பேர். பஃபலோ சேபர்ஸும் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸும் ஆடிக்கொண்டிருக்கும்போதே பனி கொட்டியது. களத்தைச் சீர்செய்ய ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்தினார்கள். 1-1 என்று இழுத்துக்கொண்டு போய், ஷூட்டவுட்டில், கடைசியாக வந்தவர் பிட்ஸ்பர்கின் இருபது வயது சிட்னி கிராஸ்பி. கொட்டும் பனியில் பக் என்கிற ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு போய் பஃபலோ கோல்கீப்பர் ரயன் மில்லரின் கால்களுக்கு இடையே நுழைத்தார். சினிமாவில் வைத்திருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

அதன் பிறகு சில ஆண்டுகள் லீக்குக்கு நல்ல காலம். சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட், பாஸ்டனின் ஃபென்வே பார்க் என்று நூற்றாண்டு பழைய பேஸ்பால் மைதானங்களுக்குப் போனார்கள். 2011இல் பிட்ஸ்பர்கில் மழையால் இரவுக்குத் தள்ளிப்போன ஆட்டத்தை அமெரிக்காவில் 45 லட்சம் பேர் பார்த்தார்கள். ஹெச்.பி.ஓ. இரண்டு அணிகளோடும் கேமராவை அனுப்பி, டிரெஸ்ஸிங் ரூமின் வசவுகளை அப்படியே ஒளிபரப்பியது. அதே 2011இல் என்.பி.சி. பத்து ஆண்டுகளுக்கு 200 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. மூன்று ஆண்டுகள் கழித்து மிச்சிகன் ஸ்டேடியத்தில், பனி விழ விழ, டொரன்டோவும் டெட்ராய்ட்டும் ஆடியதைப் பார்க்க 1,05,491 பேர் வந்ததாக லீக் அறிவித்தது. தொலைக்காட்சியில் 44 லட்சம் பேர்.

இடையில் கசப்புகளும் உண்டு. 2011 ஆட்டத்தில் எதிரணி ஆட்டக்காரரின் தோள் கிராஸ்பியின் தலையில் மோதியது. நான்கு நாள் கழித்து வேறோர் ஆட்டத்தில் இன்னோர் அடி. மூளை அதிர்ச்சி. லீக்கின் மிகப் பெரிய நட்சத்திரம் பத்து மாதங்களுக்கு மேல் களத்துக்கு வரவில்லை. 2012இல் ஜெயித்த ரேஞ்சர்ஸ் அணியின் பயிற்சியாளர் ஜான் டார்ட்டரெல்லா, ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்கு இழுக்க நடுவர்களும் என்.பி.சி.யும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்களோ என்று கேட்டுவிட்டு 30,000 டாலர் அபராதம் கட்டினார். 2013 வின்டர் கிளாசிக் நடக்கவே இல்லை. மறுபடி கதவடைப்பு.

இரண்டு அங்குலப் பனி

இவ்வளவையும் தாங்கி நிற்பது இரண்டு அங்குலப் பனி. அதைப் போடுவது எப்படி என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வெளியரங்க ஆட்டத்தில் எனக்கு ஆட்டத்தைவிடச் சுவாரசியமாகத் தெரிவது அந்த வேலைதான்.

முதலில் மைதானத்தின் புல்லை மூடி ஒரு மேடை. அதன் மேல் அலுமினியத் தகட்டுப் பலகைகளை வரிசையாக இணைக்கிறார்கள். 200 அடி நீளம், 85 அடி அகலம். வெளியே 53 அடி நீள டிரெய்லர் லாரியில் ஒரு குளிரூட்டும் ஆலையே வந்து நிற்கும். அங்கிருந்து கிளைக்கால் கலந்த குளிர்திரவம் குழாய்கள் வழியாக ஓடி வந்து பலகைகளின் வயிற்றுக்குள் சுற்றித் திரும்பும். பலகை போதுமான அளவு குளிர்ந்ததும் தண்ணீர். குழாயைத் திறந்து ஊற்றினால் கதை முடிந்தது; பனி சமமாக உறையாது. கையில் பீய்ச்சு குழாயோடு, மூடுபனி போல, ஒரு படலம் தூவி, அது உறைந்த பின் அடுத்த படலம். இப்படியே இரவுகளில் நூற்றுக்கணக்கான படலங்கள். நடுவே வெள்ளைச் சாயம், கோடுகள், சின்னங்கள். மொத்தம் ஏறத்தாழ 20,000 கேலன் தண்ணீர். அரங்கத்துக்குள் ஓர் அங்குலத்தைச் சற்றுத் தாண்டினாலே போதும் என்கிற பனி, வெளியே இரண்டு அங்குலம் வேண்டியிருக்கிறது.

இந்த வித்தையை நெடுங்காலம் கட்டி மேய்த்தவர் டேன் கிரெய்க். எட்மன்டன் அரங்கத்தில் அவர் போட்ட பனிதான் லீக்கிலேயே வேகமானது என்று பெயர் வாங்கியதால், லீக்கே அவரைத் தன்னிடம் இழுத்துக்கொண்டது. அவர் மகன் மைக் கிரெய்க்கும் இதே வேலைக்கு வந்தார். இவர்களின் முதல் எதிரி சூடு என்று நினைப்போம். இல்லை, வெயில். காற்றின் வெப்பநிலை பத்துப் பன்னிரண்டு டிகிரி இருந்தாலும் லாரி சமாளித்துவிடும். ஆனால் நேர்வெயில் பட்டால், பனிக்குள் வரைந்திருக்கும் கறுப்பு, சிவப்புச் சின்னங்கள் சூட்டை உறிஞ்சிக்கொண்டு அடியிலிருந்து பனியை இளக்கும். விளம்பரதாரர் காசு கொடுத்து வரைந்த சின்னமே குழியாக மாறும். டாஹோவில் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். 2014இல் லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடியத்தில் பகல் முழுக்கக் களத்தை வெயிலைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான விரிப்பால் மூடி வைத்து, பொழுது சாய்ந்த பிறகே திறந்தார்கள். அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்களில் பலர் டீ ஷர்ட்டில் இருந்தார்கள். பக்கத்தில் கடற்கரை வாலிபால் களம் ஒன்று வேறு.

மறுகோடியில் 2022 புத்தாண்டு, மினியாபொலிஸ். பக் போடும்போது மைனஸ் 21 டிகிரி. லீக் வரலாற்றிலேயே குளிரான ஆட்டம். செயின்ட் லூயிஸ் புளூஸ் ஆட்டக்காரர்கள் அரைக்கால் சட்டையும் பூப்போட்ட சட்டையுமாகக் கடற்கரைக்குப் போகிற கோலத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். அதிகக் குளிரில் பனி கண்ணாடி போல நொறுங்கும். எனவே பனியைக் குளிர்விக்க வந்த லாரி அன்றைக்குப் பனியைச் சூடுபடுத்தும் வேலையைச் செய்தது.

காற்றும் வெயிலும் ஒரு பக்கத்துக்குச் சாதகமாகிவிடக் கூடாது என்று மூன்றாவது பீரியடின் பாதியில் அணிகள் பக்கம் மாறிக்கொள்வதும் உண்டு. கிட்டிப்புள் ஆடும் பிள்ளைகளுக்கும் தெரிந்த நியாயம்.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். பக் என்பது மூன்று அங்குல விட்டமுள்ள கறுப்பு ரப்பர் வட்டு. கால்பந்து மைதானத்தின் நடுவில் போட்ட களத்தை, மேல் மாடத்தில் கம்பளிக்குள் சுருண்டுகொண்டு பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. அவர் பார்ப்பது பெரிய திரையை. டிக்கெட் வாங்கியது ஆட்டத்தைப் பார்க்க அல்ல, அங்கே இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள.

மண்டபம் நிறைய ஆள், வீடியோ பார்க்க ஆளில்லை

தொலைக்காட்சியைக் காப்பாற்ற வந்த ஆட்டம் தொலைக்காட்சியில் தோற்றது. 45 லட்சத்தைத் தொட்ட வின்டர் கிளாசிக்கின் அமெரிக்கப் பார்வையாளர் எண்ணிக்கை 2023இல் சுமார் 18 லட்சம், 2024இல் சுமார் 11 லட்சம். அடுத்த ஆட்டத்தை, கல்லூரிக் கால்பந்தின் புதிய பிளே ஆஃப் ஆட்டங்களோடு மோத வேண்டாம் என்று டிசம்பர் 31க்கு மாற்றி ரிக்லி ஃபீல்டில் வைத்தார்கள். 9.2 லட்சம். அதுவரை இருந்ததிலேயே குறைவு.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. முதலாவது, மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. 2014 ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் ஆறு வெளியரங்க ஆட்டங்கள். டாட்ஜர் ஸ்டேடியம், யாங்கி ஸ்டேடியத்தில் இரண்டு, சோல்ஜர் ஃபீல்ட் என்று வரிசையாக நடத்தியதில், வருடத்துக்கு ஒரு முறை வரும் திருவிழா வாரச் சந்தையாகிவிட்டது. வான்கூவரில் மழைக்குப் பயந்து கூரையை மூடிக்கொண்டே ஒரு 'வெளியரங்க' ஆட்டத்தை ஆடி முடித்தார்கள். இரண்டாவது, திரும்பத் திரும்ப அதே முகங்கள். சிகாகோ பிளாக்ஹாக்ஸ் ஐந்து வின்டர் கிளாசிக் ஆடியிருக்கிறது, ஐந்திலும் தோற்றிருக்கிறது. கடைசியாக ரிக்லியில் 6-2 என்று தோற்றபோது அந்த அணி லீக்கின் அடிமட்டத்தில் கிடந்தது. மூன்றாவது, 2021இல் ஒளிபரப்பு ஈ.எஸ்.பி.என்., டி.என்.டி. இரண்டுக்கும் போனதில் வின்டர் கிளாசிக் கட்டணக் கேபிள் சேனலுக்கு நகர்ந்தது. வீட்டுக்கு வீடு இலவசமாக வந்த என்.பி.சி. போனதும் கூட்டமும் போனது.

இதே லீக்கின் ஆட்டக்காரர்கள் அரங்கத்துக்குள் ஆடிய இன்னோர் ஆட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் நட்சத்திர ஆட்டத்துக்குப் பதிலாகக் கனடா, அமெரிக்கா, ஸ்வீடன், ஃபின்லாந்து நான்கு நாடுகளின் போட்டியை நடத்தினார்கள். மான்ட்ரியலில் கனடாவும் அமெரிக்காவும் மோதியபோது முதல் ஒன்பது வினாடிக்குள் மூன்று கைகலப்பு. கனடாவை ஐம்பத்தோராவது மாநிலமாக்குவேன் என்று டிரம்ப் பேசிக்கொண்டிருந்த நேரம். சூட்டுக்குக் கேட்கவா வேண்டும். பாஸ்டனில் நடந்த இறுதி ஆட்டத்தைக் கனடாவின் கானர் மெக்டேவிட் கூடுதல் நேரத்தில் முடித்துவைத்தார். அமெரிக்காவில் மட்டும் 93 லட்சம் பேர் பார்த்தார்கள். ஏழு வாரம் முன்பு ரிக்லி ஆட்டத்தைப் பார்த்தவர்களைப் போல் பத்து மடங்கு. அந்த ஆட்டத்தில் ஏரியும் இல்லை, மலையும் இல்லை. ஜெயிக்க வேண்டும் என்ற வெறி இருந்தது. வெளியரங்க ஆட்டத்தில் இல்லாத பொருள் அதுதான். எவ்வளவு அலங்கரித்தாலும் அது ஒரு சீசனின் 82 ஆட்டங்களில் ஒன்று. ஜெயித்தால் கிடைப்பது இரண்டு புள்ளி.

ஆனால் இதை வைத்து லீக் நொடித்துப்போய்விட்டது என்று எழுதினால் தப்பு. நேர் எதிர். மண்டபம் நிறையக் கல்யாணக் கூட்டம் இருந்தும் கல்யாண வீடியோவைப் பார்க்க ஆளில்லாத வீட்டைப் போல இருக்கிறது என்.எச்.எல். 2024-25 சீசனில் அரங்கங்களுக்கு வந்தவர்கள் 2.3 கோடிப் பேர், லீக் வரலாற்றில் இல்லாத அளவு. ஆண்டு வருமானம் 600 கோடி டாலரைத் தாண்டுகிறது. அதில் டிக்கெட் வாங்கி வாசலில் நுழைகிறவர்களின் பணத்துக்கு இருக்கும் கனம் மற்றப் பெரிய அமெரிக்க லீக்குகளில் கிடையாது. அமெரிக்கத் தொலைக்காட்சி உரிமையில் என்.எச்.எல்.லுக்கு ஆண்டுக்குச் சுமார் 62 கோடி டாலர். கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. 11 ஆண்டுகளுக்குப் போட்டிருக்கும் ஒப்பந்தம் 7,600 கோடி. ஆண்டுக்கணக்கில் பார்த்தால் பதினோரு மடங்கு. கனடாவில் கதை வேறு: ராஜர்ஸ் நிறுவனம் 12 ஆண்டுகளுக்கு 520 கோடி கனடா டாலர் தந்து வாங்கிய உரிமையை, 2026-27 முதல் இன்னொரு 12 ஆண்டுகளுக்கு 1,100 கோடிக்குப் புதுப்பித்திருக்கிறது. கனடாக்காரனுக்கு ஹாக்கி இல்லாத சனிக்கிழமை இரவு இல்லை. அதே சனிக்கிழமை ஒளிபரப்பு பஞ்சாபி மொழியிலும் வருகிறது, நல்ல வரவேற்போடு.

அணிகளின் விலையோ தலைசுற்ற வைக்கிறது. 2017இல் லீக்குக்குள் நுழைய வேகஸ் கட்டிய தொகை 50 கோடி டாலர். 2021இல் சியாட்டில் கட்டியது 65 கோடி. 2023இல் ஒட்டாவா செனட்டர்ஸ் 95 கோடிக்குக் கைமாறியது. அரிசோனா கயோட்டீஸ் கதையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நகராட்சி அரங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, ஒரு பல்கலைக்கழகத்தின் ஏறத்தாழ 4,600 இருக்கை அரங்கத்தில் இரண்டு சீசன் ஒண்டுக்குடித்தனம் நடத்திய அணி அது. 2024இல் யூட்டாவைச் சேர்ந்த ரயன் ஸ்மித் அதன் ஆட்டக்காரர்களைத் தன் ஊருக்கு அழைத்துக்கொள்ள 120 கோடி டாலர் தந்தார். லீக்கின் வரைபடத்தில் ஓர் இடம் என்பதற்கே அந்த விலை.

கொரோனா காலத்தில் 8.15 கோடி டாலரில் உறைந்துபோன சம்பள உச்சவரம்பு இப்போது தாவித் தாவி ஏறுகிறது. 2025-26இல் 9.55 கோடி, அடுத்து 10.4 கோடி, அதற்கடுத்து 11.35 கோடி. மினசோட்டாவின் கிரில் கப்ரீசாவ் எட்டு ஆண்டுகளுக்கு 13.6 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளும் மெக்டேவிட் மட்டும் பழைய சம்பளத்துக்கே, இரண்டே ஆண்டுகளுக்கு, எட்மன்டனில் நீடித்தார். மிச்சப் பணத்தில் நல்ல ஆட்களைச் சேர்த்துக் கோப்பையை வாங்கித் தாருங்கள் என்பதுதான் அதன் பொருள். மூன்று கதவடைப்புகளைக் கண்ட பெட்மேன் காலத்தில், 2025 கோடையில் உரிமையாளர்களும் ஆட்டக்காரர்களும் ஒப்பந்தம் காலாவதியாவதற்கு ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே சண்டையில்லாமல் நீட்டித்துக்கொண்டதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பணம் பெருகினால் பங்காளிகளுக்குள் சண்டை குறையும் போலிருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின்படி சீசன் 84 ஆட்டங்களாகிறது.

தெற்கே போகும் பனி

2020 முதல் 2025 வரை ஸ்டான்லி கோப்பை போன ஊர்கள்: தாம்பா, தாம்பா, கொலராடோ, வேகஸ், ஃபுளோரிடா, ஃபுளோரிடா. ஆறில் ஒன்றுதான் குளிர்ப் பிரதேசம். கனடாவில் ஏழு அணிகள் இருந்தும் 1993இல் மான்ட்ரியல் வென்ற பிறகு கோப்பை அந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. ஃபுளோரிடா மாநிலத்தில் மாநில வருமான வரி கிடையாது, குளிர்காலத்தில் செருப்போடு வெளியே போகலாம். ஆட்டக்காரர்கள் அங்கே போக விரும்புவதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

வெளியரங்க ஆட்டமும் பின்னாலேயே போய்விட்டது. 2026 ஜனவரி 2, வின்டர் கிளாசிக், இடம் மயாமி. பேஸ்பால் மைதானத்தின் நகரும் கூரையை மூடி, உள்ளே குளிரூட்டிப் பனியை உறையவைத்து, ஆட்டத்துக்கு முன்னால் கூரையைத் திறந்தார்கள். ரேஞ்சர்ஸ் 5-1 என்று ஃபுளோரிடா பேந்தர்ஸை வென்றது. ஒரு மாதம் கழித்துத் தாம்பாவில், கூரையே இல்லாத கால்பந்து மைதானத்தில் களத்துக்கு மேல் பிரம்மாண்டமான கூடாரம் கட்டி, அதற்குள் ஏ.சி. போட்டுப் பனி வளர்த்தார்கள். வெட்டவெளியில் ஆடுவதற்காக முதலில் ஒரு வீடு கட்டுகிறார்கள்.

உறைந்த குளம் என்ற ஆதிக் கதையின் நிலைமை என்ன? ஒன்டாரியோவின் பிரான்ட்ஃபர்டில் வீட்டுக் கொல்லையில் அப்பா தண்ணீர் பாய்ச்சி உறையவிட்ட களத்தில்தான் கிரெட்ஸ்கி ஸ்கேட் பழகினார். கனடாவில் அந்தத் தலைமுறையின் பலருக்கும் அப்படி ஒரு களம் இருந்தது. தலைநகர் ஒட்டாவாவில் ரீடோ கால்வாய் குளிர்காலத்தில் 7.8 கிலோமீட்டர் ஸ்கேட் பாதையாகிவிடும். அரசு ஊழியர்கள் அதில் வழுக்கிக்கொண்டே அலுவலகம் போவார்கள். 2022-23 குளிர்காலத்தில் அந்தக் கால்வாய் ஒரு நாள்கூடத் திறக்கப்படவில்லை. 1971இல் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்ததே இல்லை. குளம் உறையாத ஊர்ப் பிள்ளைக்கு அரங்கத்தில் நேரம் வாங்க வேண்டும், ஸ்கேட், மட்டை, காப்புக்கவசம் எல்லாம் வாங்க வேண்டும். வசதியுள்ள வீட்டு விளையாட்டாக ஹாக்கி சுருங்குகிறது என்ற பேச்சு கனடாவில் வெகுநாளாக இருக்கிறது. கம்பளிக் குல்லாய் நினைவை டிக்கெட்டாக விற்கும் லீக், அந்த நினைவு உருவாகும் இடங்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்டால் பதில் அவ்வளவு உரக்க வராது.

யாருக்காக ஆடுவது

மயாமி ஆட்டத்தைக் கிண்டல் செய்வது சுலபம். நானும் மேலே செய்துவிட்டேன். ஆனால் இந்த ஆட்டங்களுக்கு உருப்படியான ஒரு பயன் இருக்கிறது. அது தொலைக்காட்சியில் இல்லை.

2025 மார்ச் 1, கொலம்பஸ் நகரின் ஓஹையோ ஸ்டேடியம். கல்லூரிக் கால்பந்தின் கோயில்களில் ஒன்று. கோப்பை என்ற ஒன்றை எட்டிக்கூடப் பார்க்காத கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸ் அங்கே டெட்ராய்ட்டோடு ஆடியது. அந்த அணியின் நட்சத்திரம் ஜானி காட்ரோ முந்தைய ஆகஸ்டில், தங்கையின் திருமணத்துக்கு முந்தைய நாள் இரவு, தம்பி மேத்யூவோடு சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்தார். தம்பியும் இறந்தார். அவருடைய 13ஆம் எண் ஜெர்சியை அணி சீசன் முழுவதும் டிரெஸ்ஸிங் ரூமில் தொங்கவிட்டிருந்தது. அன்றைக்கு வந்தவர்கள் 94,751 பேர். என்.எச்.எல். வெளியரங்க ஆட்டங்களில் மிச்சிகனுக்கு அடுத்து இதுதான் பெரிய கூட்டம். கொலம்பஸ் 5-3 என்று ஜெயித்தது. சீசன் முடிவில் இரண்டு புள்ளிகளில் பிளே ஆஃபைத் தவறவிட்டது. ஆனாலும் அந்த ஊரில் யாரையாவது கேட்டால் அந்த ஆண்டை முதலில் அந்த ஒரு நாளை வைத்துத்தான் சொல்வார்கள். அமெரிக்காவின் மற்றப் பகுதிகளில் எத்தனை பேர் டிவி பார்த்தார்கள் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல. 2023இல் வட கரோலைனாவின் ராலியில் நடந்ததும் இதே வகைதான்: ஹாக்கியே தெரியாத தெற்கு ஊர் என்று ஏளனம் செய்யப்பட்ட இடத்தில், காலையிலிருந்தே மைதானத்துக்கு வெளியே அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டு ஊரே காத்திருந்தது.

என் யோசனை எளிமையானது. ஜனவரி முதல் தேதியை, தேசிய நிகழ்ச்சி என்ற ஜம்பத்தை, கல்லூரிக் கால்பந்துக்கு விட்டுக்கொடுத்துவிடலாம். வெளியரங்க ஆட்டத்தை உள்ளூர்த் திருவிழாவாக வைத்துக்கொள்ளலாம். இதுவரை வாய்ப்புக் கிடைக்காத ஊர்களுக்கு, முடிந்தால் அணியே இல்லாத ஊர்களுக்கு, கொண்டுபோகலாம்.

அதையும் ஒரு முறை செய்து பார்த்தார்கள். 2019 அக்டோபரில் சஸ்காட்சுவான் மாகாணத்தின் ரெஜைனா நகரில் வின்னிபெக்கும் கால்கரியும் ஆடின. ஹாக்கி மேதை கோர்டி ஹோ பிறந்த மாகாணம். லீக்குக்குத் தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்களை அனுப்பும் மாகாணம், ஆனால் ஒரு என்.எச்.எல். அணிகூடக் கிடையாது. கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள அந்த நகரத்தின் மைதானத்தில் 33,000 பேருக்கு மேல் குளிரில் உட்கார்ந்திருந்தார்கள். கூடுதல் நேரத்தில் பிரயன் லிட்டில் கோல் போட வின்னிபெக் 2-1 என்று ஜெயித்தது. அதற்குப் பிறகு வந்த வெளியரங்க ஆட்டங்களின் பட்டியலில் டாஹோ, டாலஸ், நாஷ்வில், சியாட்டில், மயாமி, தாம்பா எல்லாம் இருக்கின்றன. சஸ்காட்சுவான் இல்லை.